மழை விட்ட பின் வரும் முறிவு

காரைக்கால் நகரத்துக்கு வடமேற்கே, நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் கொம்யூன் நெடுங்காடு. பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி 2007இல் அங்கே வந்தது. பக்கத்துச் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி 1987 முதல் இருக்கிறது. கடலோரம் போனால் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். ஒரு சிறு வட்டாரத்துக்குள் இத்தனை விடுதிகள், பதினெட்டு இருபது வயதுக் கால்கள் இத்தனை. இந்த மாணவர்களில் பலர் காவிரிக் கடைமடைக் கிராமங்களில் கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்தவர்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே அவர்கள் முதன்முதலாக நிற்பது பெரும்பாலும் பிளஸ் டூவிலோ கல்லூரியிலோதான். உயரமாக இருக்கிறான் என்பதற்காகவே ஒருவனை அணியில் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

கல்லூரிக் கூடைப்பந்தில் பாதம் கெட்டால் அதை விபத்து என்றே பேசிப் பழகிவிட்டோம். தவறி இறங்கினான், கால் மடங்கியது, போதாத நேரம். மருத்துவ ஆய்வுகளையும் டெல்டாவின் பருவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மோசமான காயங்கள் வரும் காலத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் திறந்தவெளி கோர்ட் நனைந்தே கிடக்கும், ஓரங்களில் பாசி பிடிக்கும். கூடவே செமஸ்டர் தேர்வு. ஆட்டம் நின்றுபோகும். மழை விட்டு, தேர்வும் முடிந்தால் கல்லூரிகளுக்கிடையிலான போட்டித் தேதி கண்முன் நிற்கும். இரண்டு மாதம் வகுப்பறைப் பெஞ்சுக்குக் கீழே இருந்த கால், காலை மாலை இரண்டு வேளையும் சிமெண்டுத் தரையில் குதிக்கத் தொடங்கும். அந்த மூன்று நான்கு வாரங்களும், ஒருவனுக்குக் கால் மடங்கிய பிறகு வரும் மூன்று நான்கு வாரங்களும்தான் பாதத்தின் தலையெழுத்தை எழுதுகின்றன.

இந்த ஆட்டம் காலிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1995இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு போட்டியில் சராசரியாக 997 முறை தன் அசைவை மாற்றுகிறார். ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஓட்டம் நடையாகிறது, நடை பக்கவாட்டுத் தாவலாகிறது, தாவல் குதிப்பாகிறது. குதிப்பு மட்டும் சராசரியாக 46. ஒவ்வொரு குதிப்புக்கும் ஓர் இறக்கம் உண்டு. இறங்கும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பளு பாதத்தில் விழுகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1988 முதல் 2004 வரை பதினாறு பருவங்களின் காயக் கணக்கைத் திரட்டியது. ஆண்கள் கூடைப்பந்தில் ஏற்பட்ட காயங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று கணுக்கால் தசைநார்ச் சுளுக்கு. பயிற்சியைவிடப் போட்டியில் காயம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கல்லூரி அணி ஒரு போட்டிக்காகப் பத்து நாள் பயிற்சி செய்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெக்கே குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. கணுக்கால் காயங்களில் 45 சதவீதம் குதித்து இறங்கும்போது ஏற்பட்டவை. முன்பே ஒரு முறை சுளுக்கியவருக்கு மறுபடி சுளுக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஐந்து மடங்கு. ஆட்டத்துக்கு முன் உடலை நீட்டி வளைத்துத் தயார் செய்யாதவருக்கு 2.6 மடங்கு. அந்த ஐந்து மடங்கை மறந்துவிட வேண்டாம். நம் அணிகளில் சுளுக்காத கால் அபூர்வம்.

வளையத்துக்குக் கீழே ரீபவுண்டுக்காக நான்கு பேர் ஒன்றாக எழும்புகிறார்கள். இறங்கும்போது ஒருவன் கால் இன்னொருவன் ஷூ மேல் விழுகிறது. பாதம் உட்பக்கமாகத் திரும்பிக் கணு வெளியே தள்ளுகிறது. வெளிக் கணுவைப் பிடித்திருக்கும் தசைநார் இழுபடும், கிழியும். இதுவரை சுளுக்குதான். ஆனால் அதே திருகலில் பாதத்தின் வெளி ஓர எலும்பும் முறியலாம். சுண்டுவிரலுக்குப் பின்னால் நீளும் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பு அது. வலி ஏறத்தாழ அதே இடத்தில், வீக்கம் ஏறத்தாழ அதே அளவு. முறிந்த காலோடு நொண்டி நடந்துவிடவும் முடியும். அதனால்தான் இந்த முறிவு விடுதி அறைகளில் சுளுக்காகவே வாழ்ந்துவிடுகிறது.

இந்த எலும்பின் கதையில் முதல் நோயாளி ஒரு மருத்துவரே. லிவர்பூலின் எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடிக்கொண்டிருந்தபோது பாதத்தின் வெளி ஓரத்தில் காலூன்றிவிட்டார். உள்ளே ஏதோ விட்டுப்போனது. அவர் காலத்தில் எலும்பு முறிவைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. அவருக்கும் முதலில் தோன்றியது தசைநாண் அறுந்துவிட்டது என்றுதான். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எலும்பு முறிந்தது தெரிந்தது. தன்னையும் சேர்த்துச் சில நோயாளிகளைப் பற்றி 1902இல் அவர் எழுதினார். அந்த முறிவு இன்றும் ஜோன்ஸ் முறிவு என்றே அழைக்கப்படுகிறது. ஜோன்ஸாலேயே கையால் தொட்டுச் சொல்ல முடியாததை, எண்ணெய் தடவி நீவிவிடும் ஊர்ப் பெரியவர் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை, அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை.

ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியில் இரண்டு முறிவுகள் பக்கத்துப் பக்கத்தில் நிகழ்கின்றன. நுனிக் குமிழ் பிய்ந்து வருவது ஒன்று. அது பெரும்பாலும் தானாகக் கூடிவிடும். அங்கிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, எலும்பின் தண்டு தொடங்கும் இடத்தில் ஏற்படுவது மற்றொன்று. ஜோன்ஸ் முறிவு இதுதான். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. இரு பக்கத்திலிருந்து வரும் ரத்தக் குழாய்களுக்கும் அது கடைமடை. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய ஊருக்கு இந்த எலும்பின் நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலை ஊன்றாமல் ஆறு முதல் எட்டு வாரம் இருந்தும் கூடாமல் போகலாம். அதனால் ஆட்டக்காரர்களுக்கு எலும்புக்குள் நீளவாக்கில் திருகாணி வைத்துவிடுவது இப்போது வழக்கம். அதற்குப் பிறகும் உறுதியில்லை. 2014 அக்டோபரில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் கெவின் டுராண்டுக்கு இந்த முறிவு வந்தது. உலகத்தின் சிறந்த மருத்துவம் பக்கத்தில் இருந்தும் அந்தப் பருவத்தில் அவரால் 27 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2015 மார்ச்சில் எலும்பு ஒட்டுச் சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது.

எந்தக் காலை எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது? கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டியெல் தலைமையிலான மருத்துவர்கள் 1992இல் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். வெளிக் கணுவின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். உள் கணுவையும் அப்படியே. பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்துத் தெரியும் எலும்பை, அதாவது ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியை, அழுத்த வேண்டும். உட்பக்கத்தில் பாத வளைவின் மேலே இருக்கும் நேவிகுலர் எலும்பை அழுத்த வேண்டும். இவற்றில் எந்த எலும்பின் மேல் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த விதியைச் சோதித்த 27 ஆய்வுகளை, 15,581 நோயாளிகளை, 2003இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தேவையில்லை என்று விதி சொன்ன கால்களில் முறிவு இருந்தது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

நெடுங்காட்டு அணியின் பி.டி. சாருக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். அணித் தலைவனுக்கும் துணைத் தலைவனுக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். நீவிவிடுபவரைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைமுறையாக வந்த கை அது, வலியில் துடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கை தரும் தைரியமும் பெரிது. அவரிடம் போவதற்கு முன் இந்த நான்கு இடங்களையும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். ஓர் இடத்தில் எலும்பு வலித்தால் அன்று பயணம் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனைக்குத்தான். புத்தூர் கட்டுக்குப் போகிறவர்களும் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு போனால் எது கட்டுக்கு அடங்கும், எது அடங்காது என்று கேட்கவாவது முடியும்.

இதுவரை சொன்னது ஒரு நொடியில் நிகழும் காயம். இன்னொரு வகைக்கு நொடியே கிடையாது. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாவுப்ட் நீண்ட அணிவகுப்புக்குப் பின் பாதம் வீங்கி வலித்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். யாரும் விழவில்லை, எதுவும் மேலே விழவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல்தான், அது மெட்டாடார்சல் எலும்பில் விழுந்த மயிரிழை முறிவு என்று தெரிந்தது. பளு ஏறும்போது எலும்பில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. ஓய்வில் உடல் அதைச் சரிசெய்து எலும்பை முன்னைவிட உறுதியாக்குகிறது. சரிசெய்யும் வேலைக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த வேலையில் உடல் முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கிறது, பிறகுதான் புதியதை வைக்கிறது. பயிற்சி திடீரெனக் கூடிய சில வாரங்களில் எலும்பு முன்பு இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். போட்டிக்கு முந்தைய முகாம் மிகச் சரியாக அந்த வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகிறது.

கூடைப்பந்தில் இப்படி விரியும் எலும்புகளில் மிகக் கொடியது நேவிகுலர். அதன் நடுப்பகுதிக்கும் ரத்தம் குறைவு. வலி பாதத்தின் மேற்புறத்தில் எங்கேயோ மங்கலாகத் தொடங்கும். ஆடும்போது வலிக்கும், உட்கார்ந்தால் மறையும். வீக்கம் இருக்காது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். 'கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஆடு' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை இங்கே எவ்வளவு பெரிய கேடு என்பதை 1992இல் கரீம் கான் குழுவினர் காட்டினார்கள். காலே ஊன்றாமல் ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த 22 பேரில் 19 பேருக்குக் குணமானது. ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு நடமாடிய 34 பேரில் ஒன்பது பேருக்கு மட்டுமே. மீதி 25 பேரும் ஓய்வு எடுத்ததாகவே நம்பியிருப்பார்கள்.

சீனாவின் தொழில்முறை ஆட்டக்காரர் யாவ் மிங் 2.29 மீட்டர் உயரம். இடது பாதத்தில் திரும்பத் திரும்ப வந்த முறிவுகளால் 2009-10 பருவம் முழுவதும் ஆடவில்லை, அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டம், 2011 ஜூலையில் 30 வயதில் ஓய்வு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடிய ஜோயல் எம்பீடுக்கு 2014 ஜூனில் நேவிகுலர் முறிவு அறுவை. அடுத்த இரண்டு பருவங்கள் களத்துக்கு வெளியே. அவர்களுக்குச் சம்பளம் வந்தது, மருத்துவர்கள் காத்திருந்தார்கள். நம் பிள்ளைக்கு ஆறு வாரம் ஊன்றுகோல் என்றால் வகுப்பு வருகைப் பதிவு போகும், பஸ்ஸில் ஏற முடியாது, விடுதியில் மாடி அறை. அதனால்தான் அவன் வலியைச் சொல்வதில்லை. மருத்துவ விடுப்பை வருகைப் பதிவில் சேர்ப்பதும் தரைத்தள அறை ஒதுக்குவதும் கல்லூரி நிர்வாகம் ஒரு கையெழுத்தில் செய்யக்கூடியவை. என் கணக்கில் அவையும் சிகிச்சைதான்.

பெண்கள் அணியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. விடிகாலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் போய், விடுதிச் சிற்றுண்டி முடிந்துவிட்ட நேரத்தில் திரும்பி, நேராக வகுப்புக்குப் போகிற மாணவியின் உடல் செலவழிக்கும் சக்தியைவிட உண்பது குறைவு. அது நீண்டால் மாதவிடாய் தவறும், எலும்பு மெலியும், மயிரிழை முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை ஒரே நோய்க்கூட்டமாக வரையறுத்து, ஆண்களுக்கும் இது பொருந்தும் என்று சொன்னது. மாதவிடாய் தவறியதை ஆண் பயிற்சியாளரிடம் எந்த மாணவியும் சொல்லமாட்டாள். அணியோடு ஒரு பெண் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதை வெறும் பாதுகாப்புக்கான ஏற்பாடாகப் பார்க்கிறோம். எலும்புக்கும் அவர் வேண்டும். வைட்டமின் டி குறைவையும் இங்கே சொல்ல வேண்டும். இத்தனை வெயில் இருந்தும் தென்னிந்தியர்களிடம் அது பரவலாகக் குறைவாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஷூவைப் பற்றிப் பேசாமல் எந்த அணியிலும் பேச்சு முடியாது. இங்கே நம் கால்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து ராவ், ஜோசப் இருவரும் 1992இல் எழுதினார்கள்: செருப்பு, ஷூ அணிந்து வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். பெல்ஜியத்தின் டவூட் குழுவினர் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களை அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய பாதம் முன்பக்கம் அகன்றிருந்தது, நடக்கும்போது பளு பாதம் முழுவதும் இன்னும் சமமாகப் பரவியது. வயல் வரப்பில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த மாணவனின் பாதம் குறையுள்ள பாதம் அல்ல. அது நன்றாக வளர்ந்த பாதம். அதைக் குறுகிய முனையுள்ள ஷூவுக்குள், அதுவும் சீனியர் விட்டுப்போன பழைய ஜோடிக்குள் திணிக்கும்போதுதான் நகம் கறுக்கிறது, விரலிடுக்கு கொப்பளிக்கிறது, வெளி ஓரம் ஷூவின் அடிப்பாகத்தைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிறது. வாங்கும்போது நீளத்தைப் போலவே அகலத்தையும், மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

கணுவுக்கு மேல் ஏறும் உயரமான ஷூ காக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுத் துணை இல்லை. கல்லூரிக்குள் ஆடும் 622 பேருக்கு உயரமான ஷூவும் தாழ்வான ஷூவும் கொடுத்து 1993இல் பார்த்ததில் சுளுக்கில் வேறுபாடு தென்படவில்லை. குதிகாலில் காற்றறை வைத்த ஷூ அணிந்தவர்களுக்கு 4.3 மடங்கு அதிகக் காயம் என்பது மெக்கே ஆய்வில் கிடைத்த முடிவு. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை, ஆனாலும் விலையுயர்ந்த ஷூவுக்காக வீட்டில் கடன் வாங்க வைக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லலாம். கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸுக்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1,460 பள்ளி ஆட்டக்காரர்களிடம் செய்த சோதனையில் (2011) அதை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

தரையைப் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியது பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காக. ஒய்.எம்.சி.ஏ. வழியாக அது சென்னைக்கு வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி தமிழ்நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பியது. வரும் வழியில் மரத்தளமும் கூரையும் கழன்றுவிட்டன. நமக்குக் கிடைத்தது சிமெண்டு. மரத்தளம் கேட்டு மனு போடுவது நல்லதுதான். ஆனால் கையில் இருக்கும் சிமெண்டுத் தளத்தின் வெடிப்பும் மேடுபள்ளமும் மேலே படியும் மணலும்தான் இன்று காலை வாரிவிடுகின்றன. டெல்டாவின் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட தளம் அதோடு சேர்ந்து அசையும். ஆண்டுக்கு ஒரு முறை விரிசலை அடைப்பதற்கும் தினமும் பெருக்குவதற்கும் மரத்தளத்துக்கு ஆகும் செலவில் சிறு துளிதான் ஆகும்.

மழைக்காலம் வீணாகும் காலமாக இருக்க வேண்டியதில்லை. 1965இல் இங்கிலாந்தின் ஃப்ரீமன் கண்டறிந்தது இது: சுளுக்கில் கிழிவது தசைநார் மட்டுமல்ல, கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் கெடுகிறது. வலி போனபின்னும் அது திரும்பாமல் இருக்கலாம். ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் திரும்பும். 765 பள்ளி ஆட்டக்காரர்களிடம் 2006இல் செய்த சோதனையில் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 6.1 சதவீதத்தினருக்குச் சுளுக்கு, செய்யாதவர்களில் 9.9 சதவீதம். இதற்கு கோர்ட் வேண்டாம், விடுதி வராந்தா போதும். ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடி நிற்பது, நின்றபடி பந்தை வாங்கிக் கொடுப்பது, ஒற்றைக் குதிகாலை உயர்த்தி இறக்குவது. படிக்கட்டில் மெதுவாகக் குதித்து இறங்கினால் எலும்புக்கும் வேலை தொடரும். தை மாதம் தேதி வரும்போது கால் அந்நியமாக இருக்காது.

அடிபட்டவன் எப்போது திரும்புவது என்பதை அவனிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது. அவன் 'சரியாகிவிட்டது சார்' என்றுதான் சொல்வான். அடிபட்ட காலில் மட்டும் நின்று இருபது முறை குதிகால் உயர்த்த வேண்டும், அதே காலில் முன்னும் பக்கவாட்டிலும் துள்ளி வலியில்லாமல் இறங்க வேண்டும், முழு வேகத்தில் ஓடித் திரும்ப வேண்டும். இவற்றில் எதில் தடுமாறினாலும், இறுதிப் போட்டியாக இருந்தாலும் பெஞ்சில்தான். இதைச் சொல்லும் அதிகாரம் பி.டி. சாருக்கு இருக்க வேண்டும். தோற்றால் அவரைக் கேள்வி கேட்காத நிர்வாகம் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இந்த வட்டாரக் கல்லூரிகள் ஒன்றாக ஒரு நோட்டுப் போட்டால் நான் சொல்லும் கால அட்டவணை சரிதானா என்பதையும் சோதித்துவிடலாம். பெரிய ஆய்வு நிதி எதுவும் தேவையில்லை. அடிபட்ட தேதி, பயிற்சியா போட்டியா, பாதத்தில் எந்த இடம், அதே கால் முன்பு சுளுக்கியதா, முந்தைய மூன்று வாரங்களில் எத்தனை நாள் ஆடினார், எக்ஸ்ரே எடுத்தார்களா, எப்போது திரும்பினார் என்று ஏழு கட்டங்கள் போதும். பெயர் வேண்டாம். நான்கு பருவமழைகள் கடந்தால், முறிவுகள் தை, மாசியில் குவிகின்றனவா இல்லையா என்று அந்த நோட்டிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். குவிந்தால் அடுத்த ஆண்டு முகாமை எந்த வாரத்தில் தொடங்குவது, முதல் வாரத்தில் எத்தனை குதிப்போடு நிறுத்துவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.